ஊர்வாயும் காதல் நாவலும்

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட இயலாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அவர்கள் அதனை இலக்கியப் பொருளாகவும் ஆக்கினர். ஒருவர் காதோடு ஒருவர் முணுமுணுப்பதை அம்பல் என்றும், அதுவே ஊரறிய விரிந்துவிட்டால் அலர் என்றும் அகத்திணை நூலார் பிரித்தனர். அரும்பும் மலரும் போல எனக் கொள்ளலாம். வள்ளுவர் 115ஆம் அதிகாரம் முழுவதையும் அலருக்கே ஒதுக்கினார். ஊரார் பேச்சை எருவாகவும் அன்னையின் கடுஞ்சொல்லை நீராகவும் கொண்டு காதல் நோய் வளர்கிறது என்பது அவர் கருத்து. அகப்பாடல்களில் தோழி இவ்வலரைச் சுட்டிக்காட்டியே தலைவனை வரைவுக்கு விரைவுபடுத்துகிறாள். அன்றைய ஊர்ப்பேச்சு கொடிதே எனினும், களவைக் கற்பில் கொண்டு சேர்க்கும் பணியையும் அது செய்தது.

இக்காலக் காதல் நாவல்களில் இந்த அலர் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். ரமணிசந்திரன் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களால் செழிக்கச் செய்த குடும்பக் காதல் நாவல் வகை நம் இல்லங்களில் மிகுதியாகப் படிக்கப்படுவது. ஊரைவிட்டு வந்து வாழும் நம் பெண்டிர்க்குத் தமிழ் எழுத்தோடு உள்ள உறவு அறுந்துபோகாமல் காத்த பெருமை அவ்வகைக்கு உண்டு. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவ்வகைக் கதைகள் பலவற்றில் ஒரே வாய்பாட்டைக் காண்கிறோம். நாயகியைப் பற்றியோ அவள் தாயைப் பற்றியோ ஒரு பழைய பேச்சு உண்டு. நாயகன் அதை நம்புகிறான், வெறுக்கிறான். இறுதி அத்தியாயத்தில் ஒரு கடிதமோ ஒரு மூதாட்டியின் வாய்மொழியோ அப்பேச்சு பொய்யென்று நிறுவுகிறது. உடனே மாலை மாற்றுகிறார்கள்.

அப்பேச்சு மெய்யாக இருந்திருந்தால்? தாய் உண்மையிலேயே ஊர் ஒப்பாத வாழ்வு வாழ்ந்திருந்தால், மகளைக் கைவிடுவது முறையாகிவிடுமா? இக்கேள்வியை எழுப்பாமலே கதை முடிந்துவிடுகிறது. வம்பு பேசியவர் பொய்யர் ஆனார், அவ்வளவே. வம்பின் சட்டத்தை ஆசிரியர் தாமும் ஏற்றுக்கொண்டார்.

தி. ஜானகிராமன் அப்படி ஏற்கவில்லை. 1964இல் நூலாக வெளிவந்த 'மோகமுள்'ளில் யமுனாவின் தாய் பார்வதி, ஓர் அந்தணருக்கு இரண்டாந்தாரமாக வாழ்ந்த மராட்டியப் பெண். கும்பகோணத்துக்கு வரன்கள் வருகின்றன. பிறப்பின் கதை அறிந்ததும் திரும்பிப் போகின்றன. இங்கே ஊர் சொல்வது பொய்யன்று. அதை மறுக்க எந்தச் சான்றும் இல்லை, தேவையும் இல்லை. தன்னினும் பத்தாண்டு மூத்த அவளைப் பாபு அக்கதையோடும் சேர்த்தே விரும்புகிறான். யாரும் தெருவில் நின்று கூவுவதில்லை. பேச்சு அடங்கியே நடக்கிறது. ஒரு பெண்ணின் இளமை கழிந்துபோகிறது.

இது பழங்கதை என்று தள்ள நமக்குத் துணிவில்லை. ஐதராபாத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆன குடும்பங்களிலும், வரன் ஒன்று படிந்தால் முதல் விசாரணை ஊருக்குத்தான் போகிறது. முன்பு கடிதம் போயிற்று. இன்று கைப்பேசி போகிறது. நாம் மறந்துவிட்ட பெரியம்மாவின் கதை கிருஷ்ணையைக் கடந்து வந்து கூடத்தில் அமர்கிறது.

இவ்வகையில் நாம் வியந்து போற்றுவது ஜெயகாந்தனை. 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டுத் திரும்பிய மகளின் தலையில் தாய் நீரை ஊற்றி, நீ தூய்மையானவள், யாரிடமும் சொல்லாதே என்று அணைத்துக்கொள்கிறாள். அக்கதை பெரும் எதிர்ப்பை எழுப்பியது. பின்னர் அவர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதே நிகழ்ச்சியில் ஒன்றை மட்டும் மாற்றுகிறது. தாய் வாய்விட்டு அலறிவிடுகிறாள், அக்கம்பக்கம் அறிந்துவிடுகிறது. அவ்வளவுதான் வேற்றுமை. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். மாமன் ஆதரவு தந்து அதற்கு விலையும் கேட்கிறான். ஊரின் காதுக்கு எட்டியதா, எட்டவில்லையா என்பதைக் கொண்டே ஒரு பெண்ணின் விதி இரண்டாகப் பிரிவதை இதனினும் தெளிவாகக் காட்டிய எழுத்தை நாம் அறியோம். பின்னாளில் கங்கா, தன்னைக் கெடுத்த பிரபுவையே தேடிக் கண்டு, அவனோடு காரில் செல்கிறாள். இருவருக்குமிடையே உடலுறவு இல்லை. எனினும் அவனுடைய வைப்பு என்று பிறர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள். ஊர் சூட்டிய பெயரையே தனக்குக் கவசமாக அணிகிறாள். மறுப்புச் சொல்ல ஒரு மூதாட்டியையும் ஆசிரியர் அழைத்துவரவில்லை. 1972இல் இந்நாவலுக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. 1977இல் வந்த திரைப்படத்தையும் நம்மில் மூத்தவர் பலர் பார்த்திருப்பர்.

அண்மைக்கால நாவல்களுள் பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) அலரை முற்றிலும் தலைகீழாக்குகிறது. சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்துவருகிறான். அவள் என்ன சாதி என்று ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மாமியார் பாட்டாகவே இழுத்து ஒப்பாரி வைக்கிறாள். சங்கத்து அலர் மணத்தில் முடிந்தது. இங்கே மணத்தில் தொடங்குகிறது. இறுதியில் புதருக்குள் பதுங்கியிருக்கும் அவள் காதில், தேடி வந்தவர்களின் பேச்சு விழுகிறது. பிறகு தீ மூட்டுகிறார்கள்.

இந்நாவலைக் கல்லூரிப் பெண்கள் கையில் கொடுக்கலாமா என்று தயங்கும் பெற்றோர் சிலரை நாம் அறிவோம். அவர்கள் வீட்டு அலமாரியில், நாயகியின் தாய் குற்றமற்றவள் என்று கடைசிப் பக்கத்தில் நிறுவும் மாத நாவல்கள் வரிசையாக இருக்கின்றன.