ஒரே திருப்பில் 600

நிக்கான் இசட் 180-600 லென்ஸ் 2023-இல் வந்தபோதே அதன் விவரங்கள் காட்டுயிர்ப் படக்காரர்களுக்கு மனப்பாடம். 5.6-6.3 அபெர்ச்சர், தாங்கியோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதெல்லாம் இருக்கட்டும். சில மாதம் கையில் வைத்திருந்து, வால்பாறைக்கும் தூக்கிப்போய் வந்தபின் நான் பேச விரும்புவது அதன் ஜூம் வளையத்தைப் பற்றி.

180-இல் இருந்து 600-க்குப் போக 70 டிகிரி திருப்பினால் போதும். கால் வட்டம்கூட இல்லை. லென்ஸ் முன்னால் நீள்வதும் இல்லை. முன்பு நான் வைத்திருந்த ஜூம், பெயர் வேண்டாம், நீள நீள மூக்கு கனத்துச் சாயும். கையை எடுத்து மறுபடி பிடித்துத் திருப்புவதற்குள் பறவை அடுத்த எஸ்டேட்டில் இருக்கும்.

வால்பாறையின் புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளிடம் இந்த வளையத்தின் அருமை தெரிந்தது. தேயிலைக்கு நடுவே மிஞ்சிய துண்டுக் காட்டில் வாழ்பவை அவை. இப்போது மர உச்சியில் இருக்கும். கண் இமைப்பதற்குள் சாலைக்கு மேல் கட்டிய தொங்குபாலத்தில். பிறகு யார் வீட்டுக் கூரையிலோ. கண்ணை வியூஃபைண்டரில் இருந்து எடுக்காமலே பின்தொடர முடிந்தது. இதற்காகவே நிக்கானுக்கு என் பழைய விசுவாசம் புதுப்பிக்கப்பட்டது.

ஆனால் மழைக்காட்டு நிழலில் 6.3 என்பது 6.3-தான். 600 எஃப்4 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 40 சதவீதமே இதில் வரும். கறுத்த உடம்பு, கறுத்த முகம், சுற்றிலும் வெள்ளிப் பிடரி, மீட்டருக்கே குழப்பம். ஐஎஸ்ஓ 6400, 12800 என்று ஏறிக்கொண்டே போகும். ஐந்தரை ஸ்டாப் வரை வி.ஆர். கை கொடுக்கிறது, உண்மை. அது நம் கை நடுக்கத்துக்கு மட்டும். குரங்கு தலையைத் திருப்பினால் அதை நிறுத்த 1/500 வேண்டும். அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

அதனால்தான் ஊர் திரும்பியதும் பையைக் கொட்டி மறுபடி அடுக்கினேன். 1.4 டெலிகன்வெர்ட்டர் வெளியே போனது: 840 மி.மீ. கிடைக்கும், ஆனால் எஃப்9-இல். அந்த நிழலில் அது வெறும் பாரம். கிம்பல் தலையும் கனத்த முக்காலியும் போயின. சாலையோரம் நடந்து எடுப்பவனுக்கு மோனோபாட் போதும். உள்ளே வந்தது இரண்டாவது கேமராவும் 24-120 எஃப்4 லென்ஸும். முகத்தை மட்டும் நெருக்கி எடுத்த படம் மிருகக்காட்சிசாலையிலும் கிடைக்கும். குரங்கும் தேயிலையும் தகரக் கூரையும் ஒரே சட்டத்துக்குள் வந்தால்தான் அது வால்பாறைப் படம்.

தீராத எரிச்சல் ஒன்றும் உண்டு. லட்சங்களில் விலை வைக்கும் நிறுவனங்கள் பல, லென்ஸ் தாங்கியின் அடியில் ஆர்க்கா-சுவிஸ் பள்ளம் வெட்டித் தர மட்டும் யோசிக்கின்றன. தட்டைத் தனியாக வாங்கி நாமே திருகிக்கொள்ள வேண்டும். பட்டுப்புடவையை முந்தி நெய்யாமல் விற்பது போல இது.

கபினி மாதிரி திறந்த நீர்க்கரைக்குப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த லென்ஸை வாங்கலாம். சோலைக்காட்டுக்கும் வாங்கலாம், விடிந்து வெயில் இறங்கும்வரை காத்திருக்கும் பொறுமையோடு. 600 போதாது என்பவர்கள் டெலிகன்வெர்ட்டர் பணத்தில் வால்பாறையில் இன்னும் சில நாள் தங்கட்டும். எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இருவாச்சியே கிட்டே வரும். அதற்கு எஃப்9 ஆக வேண்டியதில்லை.