பூட்டும் பிரதியும்

திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதா, கேட்கவே வேண்டாம். ஆனால், எங்கள் ஊர்ப் பூட்டு திருடனைத்தான் நிறுத்தும். தீயை நிறுத்தாது.

ஜூன் பிறந்தால் யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி மேடைகளில் பேசுவார்கள். 1981 மே 31 இரவு வைத்த தீயில் சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் சாம்பல். இதுவரை சரி. அடுத்து, 'யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதியும் அன்றோடு போச்சு' என்று ஒரு வரி வரும் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அந்த நூலை 1879-லேயே பிரிட்டோ ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். 1949-ல் முதலியார் குல. சபாநாதன் தமிழில் பதிப்பித்தார். கையெழுத்துச் சுவடி போனது பேரிழப்பு, சந்தேகமே இல்லை. ஆனால், நூல் பிழைத்தது. எரித்தவனைத் திட்டுகிறோம், நியாயம். பிரதி எடுத்துக் காப்பாற்றியவனை ஏன் சார் மறந்துவிடுகிறோம்?

எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' இந்த மேடைப் பேச்சுகளைவிடப் பல மடங்கு உயர்ந்தது. சிவில் உடையில் வந்த போலீஸார் புத்தரையே சுட்டு, புத்தகங்களோடு எரிக்கிறார்கள். ஒப்பாரி கிடையாது. குற்றவாளியை நேராகக் கைகாட்டுகிறது. கவிதைக்கு அது போதும். ஒரு சமூகத்துக்குப் போதுமா?

சீனாக்காரர்கள் செய்ததைக் கேளுங்கள். ஜப்பான் படையெடுப்புக்குப் பயந்து பீகிங் தேசிய நூலகத்தின் அரிய நூல்களை ஷாங்காய்க்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கேயும் ஆபத்து. 1941-ல் சியென் என்ற நூலகர், 102 பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே காங்கிரஸ் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். 1965-ல் மூல நூல்கள் தைவானுக்குப் போய்ச் சேர்ந்தன. பிலிம் பிரதிகளோ பல நாட்டு நூலகங்களுக்குப் போயின. இனி ஒரே தீயில் எல்லாம் போகாது.

நம்மிடமும் அந்த வேலை நடக்கிறது. 2005-ல் சில தன்னார்வலர்கள் ஆரம்பித்த 'நூலகம்' இணையதளத்தைப் பாருங்கள். ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூட மலர் என்று ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். சில பக்கங்கள் மங்கல்தான். பரவாயில்லை, மங்கலாவது இருக்கிறதே! முழங்குவதைவிட இது மெனக்கெட்ட வேலை. கைதட்டல்தான் கிடைக்காது.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2022-ல் 321 புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். படகேறி வந்தவர்களின் பெட்டியில் என்னென்ன இருக்குமோ? ஒரு பழைய பள்ளி மலர், அப்பாவின் பாட்டு நோட்டு, கோயில் திருவிழா நோட்டீஸ்... இன்றைக்கு அதற்குப் பெயர் பழைய பேப்பர். ஐம்பது வருஷம் கழித்து அதுதான் அந்த ஊரின் சரித்திரம்.

அடுத்த ஜூனில் கூட்டம் போட மைக் செட்டுக்குச் சொல்லப் போகிறவர்கள், அப்படியே ஒரு ஸ்கேனரையும் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். கதவைத் தட்டி, மரியாதையாக அனுமதி கேட்டுவிட்டுத்தான்.