பயில்வான்களை எதுவரை நம்பலாம்?

2000களின் தொடக்கத்தில் நாகூர்ப் பையன்களின் சட்டைப்பையில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும். தமிழ்நாடு முழுக்கப் பெட்டிக்கடைகளில் தொங்கிய சீட்டுக்கட்டுதான் அது. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் அமெரிக்க மல்யுத்த வீரர். படத்துக்குக் கீழே உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, ரேங்க். இரண்டு பேர் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்வார்கள். ஒருவன் "எடை" என்பான். யார் சீட்டில் எண் பெரிதோ அவனுக்கு இரண்டு சீட்டும் போய்ச் சேரும். அந்த உடம்புகளின் முழங்கால் எப்படி இருக்கிறது, இதயம் எப்படி இருக்கிறது என்பதற்குச் சீட்டில் கட்டம் கிடையாது.

அந்தப் பையன்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. சீட்டுக்கட்டு போய்விட்டது. உடம்பை எண்ணால் அளக்கும் பழக்கம் மட்டும் அடுத்த தலைமுறைக்கும் தொடர்கிறது. நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் மாலை நேரத்து ஜிம்களில் இதைப் பார்க்கலாம். புஜம் எத்தனை அங்குலம், பெஞ்ச்சில் எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் என்றே பேச்சு ஓடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஆசான் கைப்பேசியில் வருகிற மல்யுத்த வீரர். அவர் சொல்வது மூன்று சேதி: உன் உடம்பே உன் தொழில், உன்னை நீ நம்பு, நல்லதைச் சாப்பிடு. யாரும் மறுக்க முடியாத வார்த்தைகள். மறுக்க முடியாதவை என்பதாலேயே இவற்றை நிறுத்தி நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். மல்யுத்தத்தைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் இருக்கும் ஒழுங்கு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. விடியலுக்கு முன் எழுவது, தண்டாலும் பஸ்கியும் தவறாமல் எடுப்பது, மதுவையும் புகையிலையையும் தள்ளி வைப்பது, தூக்கத்தை மதிப்பது என்று கோதாவின் வழக்கம் போகும். வேலை கிடைக்காமல் கடைத்தெருவில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு இந்த ஒழுங்கைக் கொடுத்தால் அவன் நாள் முழுக்க ஒரு வடிவத்துக்கு வருகிறது. போதைப்பொருள் கடற்கரையோர ஊர்களுக்குள்ளும் நுழையப் பார்க்கும் காலத்தில் இதை நான் சிறிய காரியமாகக் கருதவில்லை. மாலை ஏழு மணிக்கு ஜிம்மில் இருக்கும் பிள்ளை வேறு எங்கும் இல்லை என்பதே ஓர் உம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

தொழில் என்ற சேதிக்கு மிகச் சிறந்த சான்று மல்யுத்த வீரர் தாராசிங்தான். அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் 1928இல் பிறந்து, 1940களின் கடைசியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போனவர். நாகூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் புதிய ஊர் அல்ல. அங்கே தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்துவிட்டது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தாராசிங்கும் கிங்காங் என்ற மல்லரும் மோதிய கதைகள் கடல் கடந்து இங்கே வந்ததில் வியப்பில்லை. இருநூறு கிலோவை ஒட்டிய கிங்காங்கைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கினார் என்று சொல்லாத பெரியவர் இல்லை. "பெரிய தாராசிங்னு நெனப்பு" என்ற பேச்சு இன்றும் தஞ்சைச் சீமையில் புழங்குகிறது.

தாராசிங்கின் பெருமை அந்தத் தூக்கலோடு முடிந்துவிடவில்லை. 1968இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே சினிமாவில் கால் ஊன்றிவிட்டார். மொகாலியில் சொந்தமாக ஸ்டுடியோ கட்டினார். 1983இல் கோதாவை விட்டு விலகினார். அறுபதை நெருங்கும் வயதில் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வந்து நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தார். 2003இலிருந்து 2009 வரை மாநிலங்களவையில் உட்கார்ந்தார். உடம்புக்கு ஆயுள் குறைவு என்பதை உடம்பு தளர்வதற்கு முன்பே புரிந்துகொண்ட மனிதர் அவர். இளைஞர்கள் அவரிடம் கற்க வேண்டியது இதைத்தான்.

அவருக்கு முந்தைய தலைமுறையின் காமா பயில்வானை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 1910இல் லண்டனில் ஸ்பிஸ்கோ என்ற போலந்துக்காரர் காமாவின் பிடிக்குப் பயந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையோடு தரையாகக் கிடந்தார். 1928இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் காமா மண்ணைக் கவ்வ வைத்தார். அத்தகைய மாவீரர் லாகூரில் தம் கடைசி ஆண்டுகளை நோயிலும் பணமுடையிலும் கழித்து 1960இல் காலமானார். ராஜாக்கள் தந்த பாலும் பாதாமும் ராஜாக்கள் இருந்தவரைதான் வந்தன. "உடம்பே தொழில்" என்ற சேதியில் சொல்லாமல் விடப்படுவது இந்த இரண்டாம் பாதி. ஜிம் பயிற்சியாளராகிவிடலாம் என்று பட்டப்படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகளை நம் ஊர்களில் காண்கிறோம். அவர்களிடம் தாராசிங்கின் படத்தைக் காட்டுகிறவர்கள் அவருடைய ஸ்டுடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தன்னம்பிக்கைக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு அதிகம். தொலைக்காட்சி மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. இது பொறாமைக்காரர் கிளப்பிவிட்ட வதந்தி அல்ல. அதை நடத்தும் அமெரிக்க நிறுவனமே 1989இல் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்துக்கு, இது கேளிக்கைதான், விளையாட்டுப் போட்டி அல்ல என்று சொல்லியிருக்கிறது. அந்த வீரர்கள் விழுவது நிஜம், வலி நிஜம், உழைப்பும் நிஜம். ஆனால் "நம்பினேன், வென்றேன்" என்று மேடையில் சொல்லும்போது அந்த வெற்றியை எழுதியவர் வேறொருவர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது. மேடை வீரர் ஜான் சீனாவின் பனியனில் இருக்கும் "விட்டுவிடாதே" என்ற வாசகத்தை அவன் தேர்வுக்கும் வாழ்க்கைக்கும் மந்திரமாக எடுத்துக்கொள்கிறான். தோற்கும்போது, தான் போதிய அளவு நம்பவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறான்.

கிரேட் காளியை எடுத்துக்கொள்ளுங்கள். இமாசலத்துக்காரர், பஞ்சாப் காவல்துறையில் இருந்தவர், 2007இல் அமெரிக்க மேடையில் உலகப் பட்டம் ஏந்தியவர். பின்னாளில் வந்த சீட்டுக்கட்டுகளில் அவர் சீட்டு கிடைத்தவன் உயரத்தில் தோற்பது அரிது. அவருடைய மூளையின் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை 2012இல் அறுவை செய்து அகற்றினார்கள். அளவு மீறிய வளர்ச்சிக்குக் காரணமாகும் கட்டி அது. வறுமையிலிருந்து மேலே வந்த அவருடைய மன உறுதியை மதிக்கிறேன். அந்த உடம்பை மட்டும் எந்தத் தன்னம்பிக்கையும் இன்னொருவனுக்குத் தந்துவிடாது.

தன்னை நம்புவதற்கு உண்மையான இலக்கணம் வேண்டுமென்றால் கே.டி. ஜாதவ் இருக்கிறார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர். 1952, ஹெல்சிங்கி, மல்யுத்தத்தில் வெண்கலம். அவர் போய்ச்சேரப் பணம் இல்லை. ஊரார் வசூலித்துக் கொடுத்தார்கள். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார். ஜாதவ் தம்மை நம்பியது உண்மை. ஓர் ஊரும் ஓர் ஆசிரியரும் தங்கள் பணத்தைப் போட்டு அவரை நம்பியதும் உண்மை. கைப்பேசியில் வரும் வீரர்களின் பேட்டிகளில் "நான்" மட்டும் இருக்கிறது. ஊர் காணாமல் போகிறது. நாகூர்ப் பிள்ளையின் பின்னாலும் துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு வாப்பா வெயிலில் நிற்கிறார். அவர் அனுப்பும் பணத்தில்தான் ஜிம் கட்டணமும் புரதப் பொடி டப்பாவும் வருகின்றன.

அந்தப் பொடி டப்பாவிடம்தான் இந்தக் கட்டுரை வந்து சேர வேண்டும். டப்பாவைத் திறந்தால் மேலேயே ஒரு பிளாஸ்டிக் கரண்டி கிடக்கும். வெனிலாவும் சாக்லேட்டும் கலந்த வாசனை. ஒரு கரண்டிக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து கிராம் புரதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பயிற்சி முடித்த கையோடு குலுக்கிக் குடிக்கிறார்கள். அதே பிள்ளையிடம் பயிற்சியாளர் சொல்கிறார்: சோற்றை நிறுத்து. காவிரி வந்து முடியும் இடத்தில், நெல்லை விளைவித்தே பிழைத்த மண்ணில், சோறு குற்றவாளியாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. கடும் பயிற்சி செய்பவருக்கு விளையாட்டு மருத்துவர்கள் அதை 1.2இலிருந்து 1.6 வரை, சிலர் 2 வரைகூட உயர்த்துகிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள இளைஞனுக்கு 1.2இலிருந்து 1.6 வரை என்று வைத்தால் 72இலிருந்து 96 கிராம் வரை வரும். இரண்டு முட்டையில் 12 கிராம். நாகூர்க் கரையில் இறங்கும் மத்தி மீன் நூற்றைம்பது கிராமில் ஏறக்குறைய 28. அரை லிட்டர் பாலில் 16. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. நாள் முழுதும் உண்ணும் முந்நூறு கிராம் அரிசியில் 20. கூட்டினால் 86. பருப்பையும் தயிரையும் நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. இதே ஆராய்ச்சிக் கழகம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளில் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. மத்தியை ஏழை மீன் என்று ஒதுக்கிவிட்டு, கடன் வாங்கிப் பொடி வாங்குவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சோற்றின் மேல் குற்றமே இல்லை என்று வாதிட வரவில்லை. தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய அரிசியை மூன்று வேளையும் குவித்துத் தின்பது, இரவு பதினோரு மணிக்குப் பரோட்டா, எண்ணெயில் பொரித்தெடுத்த வாடா, சர்க்கரை தூக்கலாகத் தேநீர் என்று நம் ஊர் நாக்குக்குப் பழகியதெல்லாம் உடம்புக்கு ஆகிவருவதில்லை. நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வு சொல்கிறது. மல்யுத்த வீரர் வந்து "தட்டைக் கவனி" என்று சொல்வது இந்த இடத்தில் நமக்குத் தேவையான கண்டிப்புத்தான். தட்டைக் கவனித்த பிறகு அவர் கை காட்டும் கடைதான் தப்பு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2018இல் தாம் மறையும் வரை 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டு உழவர் கையில் கொடுத்தார். அவற்றில் மாப்பிள்ளைச் சம்பா ஒன்று. இளவட்டக்கல்லைத் தூக்க வேண்டிய மாப்பிள்ளைக்கு இதைப் போட்டு வளர்த்தார்கள் என்று கதை சொல்வார்கள். கதை கிடக்கட்டும், தவிடு நீங்காத அந்தச் சிவப்பரிசியும் அதன் நீராகாரமும் நம் வயல் தந்தவை.

இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு. உறையூர்ச் சோழர் குடியில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பவன் தந்தை தித்தனோடு பகைத்து, வறுமைப்பட்டு வாழ்ந்தான். ஆமூர் மல்லனை மற்போரில் வென்றவன் அவன். சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் அவனைப் பாடியவை புறநானூற்றில் 80 முதல் 85 வரை உள்ளன. சாத்தந்தையார் அவன் எடையைச் சொல்லவில்லை. ஒரு முழங்கால் எதிரியின் மார்பில் ஊன்றியிருக்க, மறு கால் வரும் பிடியைத் தடுப்பதைக் காட்டுகிறார். நக்கண்ணையாரோ அவன் கூழ் குடித்தும் பருத்த தோளன் என்கிறார். உணவு எளியது, பயிற்சி கடுமையானது, பிடி நுட்பமானது. இந்த மூன்றும் கூடிய மல்லனைச் சோழநாடு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது.

நோன்பு மாதத்தில் நாகூர் இதையே இன்னொரு வகையில் பார்க்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடாவிட்டால் தசை கரைந்துவிடும் என்று ஜிம்மில் பயமுறுத்துகிறார்கள். பகலெல்லாம் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, மஃரிபு என்ற அந்தித் தொழுகை வேளையில் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் குடித்து, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளின் தசை கரைந்துவிடவில்லை. ஹக்கீம் ஒலாஜுவான் 1995 ரமலானில் நோன்போடு கூடைப்பந்து ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரர் விருதை அமெரிக்காவில் வாங்கினார். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் கறியும் சேர்ந்த அந்தக் கஞ்சி, களைத்த உடம்புக்கு நல்ல உணவு.

ஒழுங்கே அளவு மீறினால் என்னாகும் என்பதை மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் வழியாக நாடே பார்த்தது. 2024 ஆகஸ்ட் 6ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில், அதுவரை சர்வதேசப் போட்டியில் தோற்றே அறியாத ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தி, அன்றே இறுதிக்கும் போனார். இரவு முழுக்கச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், வியர்க்க வியர்க்க ஓடி, தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தார். காலையில் அவர் பிரிவின் வரம்பான ஐம்பது கிலோவுக்கு மேல் நூறு கிராம் காட்டியது. தகுதி நீக்கம் செய்தார்கள். அவர் உறுதியில் குறை காண யாருக்கும் தகுதியில்லை. எடைக்காக உடம்பைப் பிழியும் முறை மீதுதான் குறை. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் மூவர் இப்படி எடை குறைக்கப் போய் உயிரையே விட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் மாறின. எடையை ஏற்றும் பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. தொலைக்காட்சி மல்யுத்தத்தின் செல்லப்பிள்ளையாக இருந்த எடி குரேரோ 2005இல் இதயம் நின்று இறந்தபோது அவருக்கு வயது 38. அடுத்த ஆண்டுதான் அந்த நிறுவனம் ஊக்கமருந்துக்கும் உடல்நலத்துக்கும் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. மல்யுத்த வீரரின் உழைப்பை அப்படியே பின்பற்றலாம். அவருடைய தொழில் வாழ்க்கையைத் தாராசிங் மாதிரி முழுசாகப் படித்தால் பயன் உண்டு, பாதி படித்தால் ஆபத்து. தன்னம்பிக்கைப் பேச்சில் பாதியைக் கழித்துவிட வேண்டும். உணவுப் பட்டியலை அவரிடம் வாங்கத் தேவையே இல்லை. ஜிம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சேர வருகிற பிள்ளைக்கு முதலில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். பதினெட்டு வயது நிறையாதவனுக்குப் பொடி விற்காதீர்கள். ஊக்கமருந்து ஊசியைப் பற்றிக் கேட்டு எவனாவது வந்தால், அன்றைக்கே அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.