அமைச்சர் வருவதற்கு முன்னால்

திசையன்விளை பஜாரில் பொதுக்கூட்டத்துக்குக் கட்டுகிற ஃபிளெக்ஸைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மேலே வட்டங்களுக்குள் மறைந்த தலைவர்கள், நடுவில் இன்றைய தலைவர், அவருக்கடுத்து சிறப்புரை ஆற்ற வரும் அமைச்சரோ எம்.எல்.ஏ.வோ கைகூப்பியபடி. பிறகு மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், பேரூர்ச் செயலாளர் என்று படங்கள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே வரும். எல்லாவற்றுக்கும் கீழே, 'தலைமைக் கழகப் பேச்சாளர்' என்ற அடைமொழியோடு பாஸ்போர்ட் அளவில் ஒரு முகம் ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் முகம்கூட இருக்காது, பெயர் மட்டும்தான். கூட்டம் கேட்டுப் பழகியவர்கள் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

காரணம் எளிது. அமைச்சர் ஏழு மணிக்கு என்று நோட்டீஸில் இருக்கும். ஏழு மணிக்கு வந்த அமைச்சரை யாரும் பார்த்ததில்லை. வள்ளியூரில் ஒரு கல்யாண வீடு, நாங்குநேரிப் பக்கம் ஒரு துக்க வீடு, நடுவில் நிர்வாகி ஒருவர் வீட்டில் தட்டிக்கழிக்க முடியாத காப்பி. கார் ஊருக்குள் நுழையும்போது ஒன்பதைத் தாண்டியிருக்கும். அதுவரை நாற்காலிகள் காலியாகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் பாஸ்போர்ட் முகத்தின் வேலை. எத்தனை நிமிடம் பேச வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது. இருபது நிமிடமாக இருக்கலாம், ஒன்றரை மணி நேரமாகவும் இருக்கலாம். தமிழ் மேடைக் கலையின் உச்சம் சிறப்புரையில் இல்லை, சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கும் இந்த நீளம் தெரியாத பேச்சில்தான் இருக்கிறது.

திசையன்விளை அதற்குச் சரியான சோதனைக்களம். ஒரு பக்கம் செம்மண் தேரி, இன்னொரு பக்கம் உவரிக் கடல். முருங்கைக்காயும் கருப்பட்டியும் கைமாறும் வியாபார ஊர். கூட்டத்தில் நிற்பவர்களில் தோட்டக்காரர் இருப்பார், பனைத்தொழில் குடும்பத்தவர் இருப்பார், கடற்கரை ஊர்க்காரர் இருப்பார், சென்னையிலோ மும்பையிலோ கடை வைத்துவிட்டுக் கொடைக்கு ஊர் வந்த அண்ணாச்சியும் இருப்பார். கோயில்காரர்களும் கிறிஸ்தவ வேதக்காரர்களும் கலந்து நிற்கும் இடத்தில் ஒரு சொல் தவறினால் அடுத்த நாள் காலைக்குள் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் கட்சிக்காரர்கள். அவர்கள் எதற்கும் கைதட்டுவார்கள். உண்மையான சபை வெளியே இருக்கிறது: அடைத்த கடைகளின் படிக்கட்டில், பைக்கில் சாய்ந்தபடி, டீக்கடைப் பெஞ்சில், மாடிக் கைப்பிடிச் சுவரில், பாதி திறந்த கதவுகளுக்குப் பின்னால். எதிர்க்கட்சிக்காரரும் அங்கேதான் நிற்பார், டீ குடிக்க வந்தவர் போல. தேர்ந்த பேச்சாளர் முன்வரிசையைப் பார்த்துக் கும்பிடுவார், டீக்கடையைப் பார்த்துப் பேசுவார். ராதாபுரம் தொகுதியில் அது வெறும் அழகியல் விஷயமும் இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் இத்தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை வென்ற வித்தியாசம் 49 வாக்குகள். வழக்கு உயர் நீதிமன்றம், மறு எண்ணிக்கை, உச்ச நீதிமன்றத் தடை என்று ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஒரு டீக்கடைப் பெஞ்சைத் திருப்பினால் தொகுதி திரும்பும் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சாளர்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பொதுக்கூட்டம் என்பதே தமிழ் மண்ணில் ஆதிநாள் தொட்டு இருப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை என்று வாதிட்டவர் அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட். மதுரையில் தங்கிக் கட்சிக் கூட்டங்களை இரவிரவாகக் கேட்டு, திராவிட மேடைத்தமிழின் அழகியலைப் பற்றி 2009இல் நூல் எழுதியவர். 2016இல் அவர் மறைந்த பிறகு, 2021இல் வந்த இரண்டாவது நூல் இந்தக் கலையின் வேரைத் தேடுகிறது. இன்னாருக்கு என்று இல்லாமல், சாதி, குலம், கல்வி பாராமல் கூடியிருக்கும் எல்லோரையும் நோக்கி ஒருவர் எழுந்து நின்று பேசுவது என்ற பழக்கத்தைத் தமிழில் பரப்பியவர்கள் புராட்டஸ்டன்ட் பிரசங்கிமார் என்பது அவர் வாதம். புலவர்கள் அரசனிடம் பேசினார்கள், உரையாசிரியர்கள் மாணவரிடம் பேசினார்கள். ஊரைப் பார்த்துப் பேசியவர்கள் உபதேசிமார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியதும் பாதிரிமாரின் ஆயுதத்தை அவர்களுக்கு எதிராகத் திருப்பிய காரியம்தான்.

இதைக் கேட்கும் திசையன்விளைக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடையன்குடியில் கால்டுவெல் பாதிரியார் 1841இல் வந்து குடியேறி, அரை நூற்றாண்டு காலம் ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்தவர். உலகம் அவரை 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நினைக்கிறது. மேடை ரசிகர்கள் அவரை வேறொன்றுக்காகவும் நினைக்கலாம். பனங்காட்டு மக்களைக் கூட்டி உட்கார வைத்து, வேற்று மண்ணில் பிறந்த ஒருவர் அவர்களுக்கு விளங்கும் தமிழில் பேசியாக வேண்டிய கட்டாயம் இந்த மணலில்தான் ஏற்பட்டது.

பிரசங்கம் அரசியலானது 1908இல். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பேசிய பேச்சுகள், ஆங்கிலம் தெரிந்த கனவான்களின் சபையை விட்டுவிட்டு கோரல் ஆலைத் தொழிலாளியிடமும் வண்டிக்காரரிடமும் நேராகப் போயின. மார்ச் 12ஆம் தேதி இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஆ.இரா.வேங்கடாசலபதி இந்த எழுச்சியைப் பற்றி எழுதிய நூலுக்கு 2024க்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பேச்சைக் கேட்டவர்கள் சந்தைக்கும் ஆலைக்கும் போகிறவர்கள் என்பதைக் கண்டுதான் வெள்ளைக்காரக் கலெக்டர் மிரண்டார்.

அதன்பின் வந்த திராவிட மேடையைப் பற்றி அதிகம் எழுதியாகிவிட்டது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கியபோதே அந்தக் கட்சியின் மூலதனம் பேச்சுதான். இரவு வெகுநேரம் கழித்து மேடையேறிய அண்ணா, மாதத்தையும் மணியையும் தூக்கத்தையும் எதுகையில் கோத்து நான்கே வரியில் வாக்குக் கேட்டு இறங்கிய கதையைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. எதிர்ப்பக்கம் காமராஜர் அடுக்குமொழி எதுவும் இல்லாமல், திண்ணையில் பேசுவதைப் போலப் பேசியே கூட்டத்தைப் பிடித்தவர். இந்த இரண்டு பாணியும் கலந்த ரத்தம்தான் நெல்லைப் பேச்சாளரின் உடம்பில் ஓடுகிறது. கலிங்கப்பட்டி வைகோ ஏதென்ஸில் தொடங்கி உள்ளூர்க் குளத்தில் கொண்டுவந்து முடிப்பார். நெல்லை கண்ணன் தேவாரத்தையும் கம்பனையும் டவுன் தெருக்களின் நக்கலையும் ஒரே மூச்சில் பேசியவர். 1996இல் சேப்பாக்கத்தில் கலைஞரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்ற அவர், 2022இல் மறையும்வரை சட்டமன்றப் படியேறவில்லை. வாய் உள்ளவருக்கு ஓட்டு விழ வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லையே.

ஒரு வேடிக்கை. பேசிக்கொண்டே இருக்கும் இந்த மண்தான், பேசுகிறவர்களை உட்காரச் சொல்லும் ஆட்களையும் கோட்டைக்கு அனுப்பியது. செல்லப்பாண்டியன், சி.பா.ஆதித்தனார், பி.எச்.பாண்டியன், ஆவுடையப்பன், 2021இல் ராதாபுரத்தில் வென்ற அப்பாவு என்று பழைய திருநெல்வேலிச் சீமை தமிழகச் சட்டமன்றத்துக்குக் கொடுத்த பேரவைத் தலைவர்களைக் கைவிரல் விட்டு எண்ணினால் ஒரு கை நிறைந்துவிடும்.

இனி தொழில்நுட்பம். முதலில் விளி. 'தலைமை ஏற்றிருக்கும்...', 'முன்னிலை வகிக்கும்...' என்று தொடங்கி ஒவ்வொரு பெயருக்கும் ஓர் 'அவர்களே' போட்டு வரும் அந்தப் பட்டியலைப் புதியவர்கள் சலிப்பாகக் கேட்பார்கள். அது சலிப்பான பகுதியே இல்லை. யார் பெயர் யாருக்கு முன்னால் வருகிறது, யாருக்கு 'அண்ணன்', யாருக்கு 'அருமைச் சகோதரர்', யாருக்கு வெறும் பதவி என்பதில் அந்த வாரத்து உட்கட்சி நிலவரம் முழுவதும் இருக்கிறது. ஒரு கிளைச் செயலாளர் பெயர் விட்டுப்போனால் மேடைக்குப் பின்னால் சமாதானப் படலம் தொடங்கிவிடும். கெட்டிக்காரப் பேச்சாளர் பாதிப் பெயர்களை முதலில் சொல்லிவிட்டு மீதியைக் கையிருப்பில் வைத்துக்கொள்வார். அமைச்சர் தாமதமாகிறார் என்று காதில் சேதி விழுந்ததும் அந்தக் கையிருப்பு வெளியே வரும், ஒவ்வொரு பெயரோடும் ஒரு கதை ஒட்டிக்கொண்டு.

அடுத்தது கதை. பட்ஜெட் புள்ளிவிவரம் கூட்டத்தைப் பத்து நிமிடம் பிடிக்கும், மாமியார் மருமகள் கதை அரை மணி நேரம் பிடிக்கும். தி.மு.க. மேடைகளில் வெற்றிகொண்டான் இந்த வித்தையில் மன்னர். நாடாளுமன்ற விவகாரத்தைச் சந்தைக் கடைச் சண்டையாக மாற்றிச் சொல்லி விலா நோகச் சிரிக்க வைப்பார். பேச்சுக்காகக் கைதும் வழக்கும் பார்த்தவர். ஆனால் அந்தப் பாணி கீழே இறங்கும் இடமும் உண்டு. எதிர்க்கட்சிப் பெண் தலைவர்களைப் பற்றிய மட்டமான கேலி முன்வரிசையில் விசில் வாங்கும், அதே நொடியில் பாதி திறந்த கதவுகள் மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் விசில் சத்தத்தில் மேடைக்குக் கேட்பதில்லை.

எல்லாவற்றிலும் கடினம் நிறுத்துவது. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கும், கூட்டத்தின் தலைகள் திரும்பும், இளைஞரணி துண்டோடு ஓடும். பேச்சாளர் அப்போது ஒரு கதையின் நடுவில் இருப்பார். பனையேறி உச்சியிலிருந்து இறங்குவதைப் போல, பதறாமல், ஆனால் தாமதிக்காமல் அவர் இறங்கியாக வேண்டும். சுமாரானவர் வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டு 'இதோ வருகிறார்' என்று கத்துவார். தேர்ந்தவர், சொல்லிக்கொண்டிருந்த கதையின் நாயகனையே காரிலிருந்து இறங்க வைத்துவிடுவார். கதை முடியவும் அமைச்சர் மேடைப் படியில் கால் வைக்கவும் சரியாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது தற்செயல் மாதிரித் தோன்றும்.

பிறகு சால்வை. பொன்னாடை, துண்டு, மாலை, வெள்ளி வாள் என்று கால் மணி நேரம் போய்விடும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஆகவே ஒன்பதே முக்காலுக்கு மைக் பிடிக்கும் விருந்தினருக்கு மிஞ்சுவது சொற்ப நிமிடங்கள், அதிலும் கடைசியில் இன்ஸ்பெக்டரின் பார்வை வேறு. பதவியில் இருப்பவருக்கு இன்னொரு கட்டும் உண்டு. கழகப் பேச்சாளர் வானத்தை வில்லாக வளைப்பேன் என்றால் யாரும் தேதி கேட்க மாட்டார்கள். எம்.எல்.ஏ. ஒரு சாலை போடுவேன் என்றால் மறுநாள் மனுவோடு ஆள் நிற்கும்.

இந்தக் கட்டுக்குள்ளும் நல்ல பேச்சு பிறக்கிறது, பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது. தாமிரபரணி வெள்ளத்தைக் கருமேனியாறு, நம்பியாற்றோடு இணைத்துச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுவரும் திட்டம் 2009இல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கால்வாய், முடிவது எம்.எல். தேரியில். திறப்பு விழா கண்டது 2025 பிப்ரவரியில். இடையில் ஆட்சிகள் மாறின, மதிப்பீடு பல மடங்கு ஏறியது. அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஆளும் கட்சிக்காரர் கால்வாயின் நீளத்தைப் பற்றிப் பேசலாம், எதிர்க்கட்சிக்காரர் அதில் வராத தண்ணீரைப் பற்றிப் பேசலாம். இரண்டு பேச்சையும் இந்த ஊர் கணக்குத் தெரிந்துதான் கேட்கும். எந்த மடையில் வேலை நின்றது என்பது மேடையில் இருப்பவரைவிடக் கீழே நிற்கும் முருங்கைத் தோட்டக்காரருக்கு நன்றாகத் தெரியும். கேள்வியறிவு உள்ள சபை முன்னால் பேசும்போது அமைச்சர்களும் எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

காசு கொடுத்துக் கூட்டும் கூட்டங்கள் இல்லையா என்றால், உண்டு. வேனில் வந்து, உட்கார்ந்து, பொட்டலம் வாங்கிப் போகிற கூட்டத்தின் முன்னால் எந்தக் கலையும் எடுபடாது. இன்னொரு பக்கம், தலைவரைப் பார்ப்பது மட்டுமே நோக்கமாகிவிட்ட வாகனப் பிரசாரங்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அப்படியொரு பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு, இத்தனை பேரை ஒரே இடத்தில் இத்தனை மணி நேரம் காக்க வைக்கலாமா என்று நாடே கேட்டது. தெருமுனையில் இருநூறு பேர் நின்று கேட்கும் கூட்டம் அதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. அங்கே பேச்சு பிடிக்காதவர் வீட்டுக்கு நடந்து போய்விடலாம், அந்தச் சுதந்திரம்தான் பேச்சாளரைத் தேர்ந்தவராக்குகிறது.

கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணியினரிடம் ஒரு வேண்டுகோள். 1908இல் வ.உ.சி.யும் சிவாவும் பேசியது இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அதற்கு ஒரு காரணம் கூட்டத்தில் நின்று போலீசார் எடுத்த குறிப்புகள் வழக்கில் சாட்சியமானதுதான். உங்களுக்குப் போலீஸ் தயவு தேவையில்லை, கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் உங்கள் நேரலை அமைச்சரின் கார் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அவர் பேசுவதை எத்தனையோ சேனல்கள் எடுக்கும், மறுநாள் பேப்பரிலும் வரும். அவருக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் பேசி, பயணப்படியை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரின் பேச்சு எங்கேயும் இல்லை. ஏழு மணிக்கே கேமராவை ஆன் செய்யுங்கள்.