ஐந்தில் ஒன்று: ஓர் எண்ணை வாசித்தல்

கவிதைக்கு மட்டுமில்லை, எண்ணுக்கும் விமர்சனம் வேணும். சூரியனைப் போன்ற விண்மீன்களில் ஐந்துக்கு ஒன்றில் பூமியளவான 'வாழத்தகு' கோள் உண்டு என்பார்கள். எரிக் பெட்டிகுராவும் இரு சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் பிறந்த கூற்று அது. அவர்கள் சொன்ன எண் 22 வீதம். கூடினாலும் குறைந்தாலும் 8.

அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஏலாது. கோள் குறுக்கே போகையில் விண்மீனின் ஒளி சற்று மங்கும். நாசாவின் கெப்லர் தொலைநோக்கி அளந்தது அதைத்தான். பூமி சூரியனைக் கடந்தால் குறைகிற ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியொரு கோளின் பாதை நம் பார்வைக்கு நேராக அமைவதும் ஏறத்தாழ 200க்கு ஒன்றுதான். ஆகவே கண்டதை வைத்துக் காணாததையும் கணிக்க வேண்டியிருந்தது. போலிச் சமிக்ஞைகளைத் தரவுக்குள் தாங்களே புகுத்தி, தங்கள் முறை எத்தனையைத் தவறவிடுகிறது எண்டும் சோதித்தார்கள். நேர்மையான வேலை. ஆனாலும் 42,000 விண்மீன்களில் அவர்கள் அந்த வலயத்தில் கண்டவை 10 கோள்கள்தான்.

என் விமர்சனம் 'வாழத்தகு' என்ற சொல்லின் மீது. அவர்களது வரைவிலக்கணத்தைப் பாருங்கள்: ஆரை பூமியினதைப் போல 1 முதல் 2 மடங்கு, பெறும் ஒளி கால் மடங்கு முதல் 4 மடங்கு. வெள்ளி பெறுவது ஏறத்தாழ 1.9 மடங்கு. அப்ப வெள்ளி இருக்கிற தூரமும் 'வாழத்தகு' தூரம்தானே! அங்கே தரையின் வெப்பமோ 460 பாகை செல்சியஸ்; ஈயமே உருகிவிடும்.

ஸ்டீவ் பிரைசன் குழுவினர் 2020இல் வலயத்தைச் சுருக்கி, ஆரையை 0.5 முதல் 1.5 வரை வைத்துக் கணித்தார்கள். விண்மீன் ஒன்றுக்கு 0.37 முதல் 0.60 கோள் எண்டு வந்தது. வழுவெல்லையையும் சேர்த்தால் 0.16 முதல் 1.5 வரை போகும். வானம் மாறவில்லை, இலக்கணமும் கணிக்கும் முறையும் மாறின, எண்ணும் மாறிற்று.

'உண்ணத்தகு கனி' எண்டால் யாரோ உண்டு பார்த்திருக்கிறார்கள். இந்தக் கோள்களின் காற்றையோ நீரையோ எவரும் சோதித்ததில்லை. 'நீர் திரவமாய் நிற்கக்கூடிய தூரத்துக் கோள்' என்பது நீளமான தொடர்தான். ஆனால் பொய் சொல்லாது. தமிழில் அறிவியல் எழுதுவோர் எண்ணோடு அதன் வரைவிலக்கணத்தையும் சேர்த்தே எழுத வேணும். இல்லாவிட்டால் 'வாழத்தகு' என்றதை நம் பிள்ளைகள் 'வாழ்கிற' எண்டே வாசிப்பார்கள்.