அனார்கலியைச் சாகவிடாத படமும் அதை நம்பாத பார்வையாளரும்

'முகலே ஆஸம்' படம் எப்படி முடிகிறது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "உயிரோட சுவருக்குள்ள வச்சுக் கட்டிப்போட்டாங்களே" என்பார்கள். நான் கேட்டவர்களுள் பெரும்பாலானோர் சொன்ன பதில் அதுதான். படத்தை நாலைந்து தடவை பார்த்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆனால் 1960 ஓகஸ்டில் வெளியான கே. ஆஸிபின் படத்தில் அனார்கலி சாவதில்லை. சுவர் எழும்புவது மெய்தான். அதற்குப் பிறகு ஒரு சுரங்கப் பாதை வருகிறது. அக்பர் அவளையும் அவளது தாயையும் அதன் வழியே அனுப்பி வைக்கிறார். இவள் உயிரோடிருப்பது சலீமுக்குத் தெரியவே கூடாது, அதுதான் நிபந்தனை. சலீம் பிறந்த செய்தியைக் கொண்டுவந்த பணிப்பெண்ணுக்கு அன்று அக்பர் ஒரு மோதிரத்தைக் கொடுத்து, நீ கேட்பதைத் தருவேன் என்று வாக்களித்திருந்தார். அந்தப் பணிப்பெண்தான் அனார்கலியின் தாய். மோதிரத்தைக் காட்டி மகளின் உயிரைக் கேட்கிறாள். பாதுஷாவும் வாக்கைக் காப்பாற்றுகிறார்.

மூன்றேகால் மணி நேரப் படத்தின் உச்சமான இந்த இடம் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு மறந்துபோகிறது? ஞாபகப் பிசகு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஒரு காரணம் எளிதில் சொல்லக்கூடியது. கதை நம்மிடம் முன்னரே வந்துவிட்டது. லாகூரைச் சேர்ந்த செய்யித் இம்தியாஸ் அலீ தாஜ் 1922 இல் உருதுவில் எழுதிய 'அனார்கலி' நாடகமே இந்தப் படங்களுக்கெல்லாம் மூலம். காதல், நடனம், மரணம் என்று அதன் பகுதிகளுக்குப் பெயர். அங்கே அவள் சுவருக்குள்ளேயே முடிகிறாள். பீனா ராய் நடித்த 1953 ஆம் ஆண்டின் இந்திப் படமும் அந்த வழியிலேயே போனது. தமிழிலும் தெலுங்கிலும் 1955 இல் அஞ்சலிதேவி அனார்கலியாக வந்தார். அதற்கு முந்திய வருடம் 'இல்லற ஜோதி'யில் சிவாஜி சலீமாக நின்று கலைஞரின் வசனத்தைப் பேசியிருந்தார். எனவே ஆஸிபின் படம் வந்தபோது அனார்கலி என்றாலே சுவர்தான் என்று எல்லார் மனதிலும் பதிந்திருந்தது.

இது பாதி விடைதான். மீதிப் பாதி படத்துக்குள்ளேயே கிடக்கிறது.

பெயரைக் கவனியுங்கள். முகலே ஆஸம் என்றால் மாபெரும் முகலாயன். அது அக்பரைக் குறிக்கும் பெயர். இந்துஸ்தானின் வரைபடமே எழுந்து நின்று "நான்தான் இந்துஸ்தான்" என்ற பாவனையில் கதையைத் தொடக்கிவைக்கிறது. கடைசியில் அதே குரல் வந்து பாதுஷாவின் நீதியைப் போற்றி முடிக்கிறது. ஒரு மகனுக்காகப் பாலை மணலில் வெறுங்காலோடு நடந்து ஷெய்கு சலீம் சிஷ்தியிடம் போகும் தந்தையாகத்தான் அக்பரை முதலில் காண்கிறோம். பிருதிவிராஜ் கபூரின் குரலும் நடையும் மற்றவர்களை அமுக்கிவிடுகின்றன. ஆக, இதை ஒரு தகப்பனின் சோகமாக நாம் பார்க்கவேண்டும் என்று படம் விரும்புகிறது. பார்வையாளர் அதற்குக் கட்டுப்படவில்லை என்பதே என் எண்ணம்.

1961 இல் இப்படத்தைத் தமிழில் மொழிமாற்றி வெளியிட்டபோது வைத்த பெயர் 'அக்பர்'. படம் ஓடவில்லை. வாயசைவு பொருந்தாதது, வசனத்தின் உருது மிடுக்கு தமிழில் கரைந்தது என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். எனக்கென்னவோ, அனார்கலிக்காக அழுது பழகிய சனத்துக்கு அந்தப் பெயரும் ஒட்டவில்லை என்றே தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் இப்படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆண்களும் பெண்களும் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். வயதான ஒருவர் என்னிடம் சொன்னார்: "ராசா எண்டா அப்படித்தான் மனே. நம்மட ஊர்லயே குடி பாக்காமக் குடுப்பாங்களா?" அக்பரை அவர் நியாயப்படுத்தவுமில்லை, திட்டவுமில்லை, நடப்பைச் சொன்னார். என் மாமி ஒருவரிடம், அவள் சாகவில்லை, அக்பர் காப்பாற்றிவிட்டார் என்று முடிவை விளக்கினேன். அவர் சற்றும் தயங்காமல் கேட்டார்: "எங்க விட்டான்? இருந்தும் இல்லாதவளாத்தானே விட்டான். மையத்துக்காவது ஒரு கபுறு இரிக்கும்."

இப்படத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் பாராட்டுரையையும்விட மாமியின் இந்தப் பேச்சு எனக்குப் பெரிதாகப் படுகிறது. சுரங்கப் பாதையை அக்பரின் கருணை என்று படம் காட்டுகிறது. அனார்கலியின் பக்கம் நின்று பார்த்தால் அது நீண்டுபோன ஒரு சுவர். சலீமுக்கு அவள் மரித்தவள், ஊருக்கும் மரித்தவள். உயிரை விட்டுவிட்டுப் பெயரை எடுத்துக்கொள்கிறார் பாதுஷா. அந்தப் பெயரும் அவர் கொடுத்ததுதானே! நாதிரா என்ற பெண்ணுக்கு அனார்கலி என்று பெயர் சூட்டியவர் அவர். அவள் படத்தில் முதன்முதலாகத் தோன்றுவதே ஒரு சிலையாகத்தான். சிற்பி சிலையை முடிக்காததால் அவளை அந்த இடத்தில் அசையாமல் நிற்க வைக்கிறான். சலீமின் அம்பு திரையை விலக்குகிறது. கல்லாக நின்றவள் கல்லுக்குள் போகிறாள். இவ்வளவையும் காட்டிவிட்டு, கடைசிச் சில நிமிடங்களில் அவள் தப்பினாள் என்றால் கண் நம்புமா?

படத்தில் எனக்குள்ள பெரிய குறை வேறொன்று. அனார்கலி ஒரு கனீஸ், அடிமைப் பெண். அடிமைப் பெண்ணுக்குக் கல்வியும் ஒழுக்கமும் கற்பித்து, விடுதலை செய்து, அவளையே மணமுடிப்பவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நம் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவ்வளவு பெரிய முஸ்லிம் அரசவையில் அதை எடுத்துச் சொல்ல ஒருவர்கூட இல்லை. குலம், தாஜ், இந்துஸ்தானின் மானம் இவற்றைப் பற்றித்தான் பேச்சு. ராட்சதத் தராசு ஒன்றை நடுவில் நிறுத்துகிறார்கள். அதன் தட்டில் இந்தக் கேள்வியை எவரும் வைப்பதில்லை. (அக்பரின் தீன் இலாஹியைச் சொல்லிப் படத்தையே ஒதுக்குவோரும் இருக்கிறார்கள். படம் அந்தப் பக்கம் போகவேயில்லை.)

பாட்டுகளைப் பற்றித் தனியே எழுதலாம். ஷகீல் பதாயூனியின் வரி, நௌஷாதின் இசை. இலங்கை வானொலியின் இந்திச் சேவை உபகண்டமெங்கும் கேட்ட காலம் அது; சொல் விளங்காவிட்டாலும் மெட்டு நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கண்ணாடி மாளிகையில் அவள் ஆடிப் பாடுவதைத்தான் எல்லாரும் சிலாகிப்பார்கள். எனக்கு அதைவிடச் சிறையில் சங்கிலியோடு விழுந்து கிடந்து மதீனாவின் தலைவரை நோக்கி அவள் மன்றாடுவது பெரிது. சினிமாப் பாட்டென்றாலே முகம் சுளிக்கும் சில பெரியவர்கள் இந்த ஒன்றை மட்டும் நஅத் என்று சொல்லிக் கேட்டதை அறிவேன். காதல் படத்துக்குள் அப்படியொரு முறையீடு வரலாமா என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. இரு சாராரும் அவளை நடிகையாக நினைக்கவில்லை, கைவிடப்பட்ட ஒரு முஸ்லிம் பெண்ணாகவே பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சங்கிலிகள் மெய்யான இரும்பு. அவற்றைச் சுமந்த மதுபாலாவுக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு. 1969 இல், 36 வயதில் மௌத்தானார். படப்பிடிப்பு இழுபட்ட வருடங்களில் அவருக்கும் திலீப் குமாருக்கும் இருந்த உறவு முறிந்து, முகம்கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்திருந்தது. திலீப் குமாரே தன் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார். இறகால் முகத்தை வருடும் காட்சியை இன்று பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே பார்க்கிறார்கள். அனார்கலி தப்பினாள் என்பதை நம்பமுடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரலாறு தேடுவோருக்கு அதிகம் கிடைக்காது. அக்பர்நாமாவிலும் இல்லை, ஜஹாங்கீர் தன் கைப்பட எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் இல்லை. லாகூரில் மட்டும் எண்கோண வடிவில் ஒரு கல்லறை நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தேவாலயமாகவும் இருந்து, பின் ஆவணக் காப்பகமானது. அது இவளுடையதுதானா என்பதில் ஆய்வாளரிடையே இணக்கமில்லை, ஊர்ச்சனம் சந்தேகப்படவில்லை. 1965 க்குப் பிறகு இந்தியப் படங்களுக்குத் தடை இருந்த பாகிஸ்தானில், வர்ணம் தீட்டிய 'முகலே ஆஸம்' 2006 இல் திரைக்கு வந்தது. அனார்கலி தப்பிப் போனாள் என்று சொல்லும் படத்தை லாகூர்வாசிகள் பார்த்த அதே நகரத்தில், அவள் பெயரில் அந்தக் கபுறு இருக்கிறது. அதில் இரண்டு வருடங்கள் பொறிக்கப்பட்டுள்ளன: 1599, 1615. இரண்டாவது வருடத்தில் அக்பர் உயிரோடு இல்லை. அரியணையில் இருந்தவர் சலீம். கல்லில் இருக்கும் பாரசீக வரிகளின் கீழே 'மஜ்னூன் சலீம் அக்பர்' என்று ஒப்பம் இருக்கிறது.