கரையில் நின்ற அண்ணன்

கத்திரி வெயிலில் சுண்ணாம்புக்குளம் போய், குளிர் ஆற்றில் தூண்டில் போடுகிற அமெரிக்கப் படத்தை ஒரு மீனவப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன் என்றால் சிரிப்பீர்கள். நிஜமாகவே காட்டினேன். கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும் நண்பர், 'இவ்வளவு தூரம் வந்துட்டு ஏரியைப் பார்க்காமப் போறதா?' என்று இழுத்துக்கொண்டு போனார். கோடையில் பழவேற்காடு ஏரி வற்றி உள்வாங்கிவிடுகிறது. தண்ணீரில் உப்பு ஏறிவிடுகிறது. காலடியில் சிப்பி நொறுங்கியபோதுதான் ஊர்ப் பெயரில் சுண்ணாம்பு இருப்பது உறைத்தது.

செல்போனில் இருந்த படம், 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்'. 1992-ல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கியது. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது. பிராட் பிட் உலக ஸ்டார் ஆவதற்குச் சற்று முன்னால் நடித்தது.

கதை எளிமையானது. மாண்டனா மாநிலத்தில் ஒரு பாதிரியார். இரண்டு மகன்கள். அந்த வீட்டில் பைபிளுக்கு அடுத்தபடி ட்ரவுட் மீன்தான். பாட்டு வாத்தியார்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் மெட்ரோனோம் கருவியைத் தட்டிவிட்டு, நாலு எண்ணிக்கைக்குள் தூண்டில் வீசப் பழக்குகிறார் அப்பா. மூத்தவன் நார்மன் ஒழுங்காகப் படித்து முன்னேறுகிறான். இளையவன் பால், பத்திரிகை நிருபர். குடி, சீட்டாட்டம், கடன். ஆனால் ஆற்றில் இறங்கிவிட்டால் அவன்தான் ராஜா. கடைசியில் யாரோ அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

இந்தத் தூண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. முள்ளில் மண்புழு கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி. அதற்கு எடையே இல்லாததால் வீச முடியாது. கயிற்றின் எடையைத்தான் வீசவேண்டும். பின்னால் போன கயிறு நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, அப்புறம் முன்னால். பூச்சி தானாக வந்து உட்கார்ந்த மாதிரி தண்ணீரில் இறங்க வேண்டும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் ட்ரவுட் வாயைத் திறக்காது.

ட்ரவுட் ஏதோ வெள்ளைக்காரச் சமாசாரம், நமக்கென்ன என்று ஒதுக்க வேண்டாம். அதை நீலகிரிக்குக் கொண்டுவர ஃபிரான்சிஸ் டே 1863-லேயே முயன்றார். பலிக்கவில்லை. 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, ஹெச்.சி.வில்சன் பாடுபட்ட பிறகுதான் ஊட்டிப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் நிலைத்தது. துரைமார்கள் ஊர் ஞாபகத்தைத் தண்ணீரில் விட்டு வளர்த்திருக்கிறார்கள்.

படத்துக்கு வருகிறேன். கண்ணுக்கு விருந்து, சந்தேகமே இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் பால் வீசும் கயிறு தலைக்கு மேல் கோலம் போடுவதை எத்தனை தடவையும் பார்க்கலாம். என் புகாரும் அந்த அழகு மீதுதான். மூலக்கதையை எழுதிய நார்மன் மக்ளீன், 1937-ம் வருஷத்துக் கோடையில் அதை நடத்துகிறார். அதில் அண்ணனுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாமியார் வீட்டுத் தொல்லை வேறு. மீன் பிடிக்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி அவரைக் குடைகிறது. உதவியை ஏற்கத் தெரியாத ஒருவனுக்கு எப்படி உதவுவது? ரெட்ஃபோர்ட் ஆளை இளைஞனாக்கி, காதலைக் கொண்டுவந்து, கேள்வியை ஓரங்கட்டிவிட்டார். படம் முடிந்ததும் ஆறு ஞாபகம் இருக்கிறது. புத்தகம் முடிந்ததும் தம்பி ஞாபகம் இருக்கிறான்.

இன்னொரு வேடிக்கை. கதை நடப்பது பிளாக்ஃபுட் ஆற்றில். ஆனால் சுரங்கமும் மரவெட்டும் அதைக் கெடுத்துவைத்திருந்ததால், ஆற்றுக் காட்சிகளைப் பெரும்பாலும் காலட்டின் முதலிய வேறு ஆறுகளில் எடுத்தார்கள். அதாவது நாம் ஏங்கிப் பார்க்கிற அந்த ஆறு, ஒரு டூப்!

சரி, சுண்ணாம்புக்குளம். பெரியவர் வீச்சு வலையைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தார். பிராட் பிட் வீசும் காட்சியைக் காட்டினேன். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"கை நல்லாருக்கு சார். பின்னாடி போனதும் ஒரு நொடி நிக்கிறான் பாரு, அதான் விஷயம். அவசரப்பட்டா எங்க வலையும் விரியாது, சுருட்டிக்கினு வுழும்."

நாலு விமர்சகர்கள் சொல்லாததை ஒரு வரியில் சொல்லிவிட்டார். கதையைச் சொன்னேன். பால் செத்துப்போன இடம் வந்ததும், "இவ்ளோ கை தெரிஞ்சவனுக்கா இந்த மாதிரி ஆவணும்?" என்று நான்தான் அங்கலாய்த்தேன், அவர் பாஷையிலேயே. அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"நல்லா வலை வீசறவன்லாம் ஊட்லயும் நல்லா இருக்கணும்னு இருக்கா சார்?"

நாவலின் சாரம் இவ்வளவுதான். திறமை அழகானது, அது யாரையும் காப்பாற்றுவதில்லை. மக்ளீனுக்கு அது தெரியும். ரெட்ஃபோர்டுக்கும் தெரிந்திருக்கும், காமிராதான் கேட்கவில்லை.

மீனின் பக்கம் நின்று பார்க்க நமக்கு அமெரிக்கா தேவையில்லை. அகநானூற்றின் 36-ம் பாட்டில் நக்கீரர் ஒரு வரால் மீனைக் காட்டுகிறார். தூண்டிலை விழுங்கிவிட்டு, ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூவைச் சிதைத்து, வள்ளைக் கொடியைக் கலக்கி, இழுக்கிறவனுக்கு வராமல் முரண்டு பிடிக்கிறது. கயிறு போட்ட முரட்டுக் காளை மாதிரி குளத்தையே உழக்குகிறது. எந்த காமிராவுக்கும் சவால். ஆனால் அது பரத்தையிடம் போய் வந்த தலைவனை வீட்டில் சேர்க்க மறுக்கும் பாட்டு. மீனின் ஆட்டம் அங்கேயும் வீட்டுப் பிரச்னையில்தான் வந்து முடிகிறது.

இந்த ஏரியிலும் எழுத விஷயம் கொட்டிக்கிடக்கிறது. யார் எந்த இடத்தில் எந்த முறைக்கு வலை கட்டலாம் என்று குலுக்கிப்போட்டுப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை. வலையே இல்லாமல், சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள். மெட்ரோனோம் வைத்துப் பழகாத அந்தக் கைகளைப் பற்றி, உள்ளேயிருந்து ஒருவர் நாவல் எழுதினால் முதல் பிரதி எனக்கு.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார்.

"அந்த அண்ணங்காரன் இன்னா பண்ணான்?"

"புஸ்தகம் எழுதினாருங்க. இந்தக் கதையே அவர் வீட்ல நடந்ததுதான். தம்பி செத்தது 1938-ல. புஸ்தகம் வந்தது 1976-ல. அப்போ அவருக்கு எழுபத்துமூணு வயசு."

மனசுக்குள் கணக்குப் போட்டார் போலிருக்கிறது. வலையை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவ்ளோ நாளு உள்ளயே வெச்சினு இருந்தானா?"